சிற்றோடை நீரில் பாக்டீரியாவை அளப்பதும் வந்த எண்ணைப் படிப்பதும்

மேய்ச்சல் நிலங்களுக்கும் சில வீடுகளுக்கும் இடையே ஓடிவரும் சிற்றோடை. வெயில் காலத்தில் குழந்தைகள் அதில் இறங்கி விளையாடுகிறார்கள். ஒருமுறை நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 100 மில்லிலிட்டருக்கு 1,300 ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) என்று முடிவு வந்திருக்கிறது. இந்த எண் அபாயத்தைக் குறிக்கிறதா, பாக்டீரியா எங்கிருந்து வருகிறது, பெருஞ்செலவில்லாமல் ஓடையை முறையாக மதிப்பிடுவது எப்படி என்பவையே நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள்.

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1,300 என்பது குளிப்பதற்கு வகுக்கப்பட்டிருக்கும் பெரும்பாலான வரம்புகளைத் தாண்டிய எண். எனவே அடுத்த முடிவுகள் வரும்வரை குழந்தைகள் தலை முழுகிக் குளிப்பதையும் வாயில் நீர் போகும்படி விளையாடுவதையும் நிறுத்தி வைப்பதே சரி. ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பது எந்த எண் வந்தாலும் கூடாது. ஆனால் இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஓடை எப்போதும் இப்படித்தான் இருக்கிறது என்றோ, இதற்குக் காரணம் இன்னார் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி என்றோ முடிவு கட்ட இயலாது. ஒரு புட்டி நீர் அந்த இடத்தின் அந்த நிமிடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து அளந்தால்தான் எண்கள் பயன்படும். இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஈ.கோலை என்பது மனிதன் உள்ளிட்ட வெப்பரத்தப் பிராணிகளின் குடலில் வாழும் பாக்டீரியா. 1885இல் தியோடோர் எஷெரிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். இதன் பெரும்பாலான வகைகள் நோய் தருவதில்லை. நீரில் இது இருந்தால் பெரும்பாலும் அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்திருந்தால் அதோடு காம்பிலோபாக்டர், சால்மோனெல்லா, நோரோவைரஸ், ஜியார்டியா போன்ற நோய்க் கிருமிகளும் வந்திருக்கலாம். அந்தக் கிருமிகள் நீரில் சிறிய எண்ணிக்கையில், விட்டுவிட்டுத் தோன்றுபவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது கடினம், செலவும் மிகுதி. அதனால்தான் மலக் கலப்பைச் சுட்டிக்காட்டும் உயிரியாக ஈ.கோலையை எண்ணுகிறோம். ஈ.கோலையும் அதன் உறவான பாக்டீரியாக்களும் அடங்கிய மொத்தக் கோலிஃபார்ம் என்ற குழுவின் அளவை ஓடைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குழுவில் மண்ணிலும் அழுகும் இலைகளிலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களும் அடங்குவதால், மனிதர் கால்படாத ஓடையிலும் எண் பெரிதாகவே வரும். வீண் பீதிதான் மிஞ்சும். அக்குழுவில் உயர் வெப்பத்திலும் வளரும் பகுதியான மலக் கோலிஃபார்ம் அதைவிட மேல், என்றாலும் அதிலும் மலத்தோடு தொடர்பில்லாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வகைகள் கலந்துவிடும். நன்னீருக்கு ஈ.கோலை, கடல்நீருக்கு என்டரோகாக்கை என்ற மற்றொரு குடல் பாக்டீரியா என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை.

இனி வரம்புகள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கறாரானது: 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலைகூடக் காணப்படக் கூடாது. குளிக்கும் நீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் வெளியிட்ட பரிந்துரையில் 30 நாள் பெருக்குச் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் காணும் சராசரி, விளக்கம் பின்னால்) 100 மில்லிலிட்டருக்கு 126ஐத் தாண்டக் கூடாது, மாதிரிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 410ஐத் தாண்டக் கூடாது என்றிருக்கிறது. இந்த வரம்பைத் தொடும் நீரில் குளிப்பவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 36 பேருக்கு வயிற்றுக் கோளாறு வரலாம் என்ற மதிப்பீட்டின்மீது அது அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை உள்நாட்டு நீர்நிலைகளுக்கு வேறு வழியில் கணக்கிடுகிறது: பல பருவங்களில் எடுத்த மாதிரிகளின் பரவலிலிருந்து நூற்றுமானம் கண்டு, நூற்றில் 95 மாதிரிகள் 500க்குள் அடங்கினால் மிகச் சிறந்தது, 1,000க்குள் அடங்கினால் நல்லது என வகைப்படுத்துகிறது. இரண்டு முறைகளுமே ஒற்றை மாதிரியை நம்பித் தீர்ப்பளிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இத்தகைய வரம்புகளுக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் மனிதக் கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் குளித்தவர்களிடம் நடத்தப்பட்டவை. மாடுகள் மேயும் நிலத்தினூடே ஓடும் சிற்றோடையில் அதே 126 அதே அளவு அபாயத்தைத்தான் குறிக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பறவை எச்சத்தால் வரும் அபாயம் குறைவு என்றும், புதிய மாட்டுச் சாணத்தால் வரும் அபாயம் மனிதக் கழிவுக்கு நெருக்கமாகவே இருக்கலாம் என்றும் அபாயக் கணக்கீடுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, "வெறும் மாட்டுச் சாணம்தானே" என்ற ஆறுதலுக்கு இடமில்லை.

இதற்கு வருத்தமான சான்று கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள வாக்கர்டன் என்ற ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழைக்குப் பின் மாட்டு எருவிலிருந்த கிருமிகள் ஆழமில்லாத குடிநீர்க் கிணற்றுக்குள் புகுந்தன. ஏழு பேர் இறந்தனர், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். காரணமானவை ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கொடிய வகையும் காம்பிலோபாக்டரும். இங்கே அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. ஈ.கோலையைக் கண்டறியும் வழக்கமான சோதனைகள் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற நொதியை நம்பியவை. ஓ157:எச்7 வகையில் பொதுவாக அந்த நொதி வேலை செய்வதில்லை. ஆக, மிகவும் அஞ்ச வேண்டிய வகை நம் எண்ணிக்கையிலேயே சேர்வதில்லை. அதே சாணத்தில் வரும் சாதாரண ஈ.கோலை எண்ணில் தெரியும், அதை வைத்துத்தான் எச்சரிக்கை அடைய வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளோ ஈ.கோலை செத்துப்போன பிறகும் நீண்ட நாள் உயிரோடிருப்பவை. எண் குறைவாக வந்தால் அபாயம் குறைவு என்றுதான் பொருளே தவிர, இல்லை என்று பொருளல்ல.

பாக்டீரியா எண்கள் ஒரே ஓடையில் நாளுக்கு நாள் பத்து மடங்கு, மழை நாளில் நூறு மடங்குகூட மாறும். இதற்குக் காரணங்கள் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் ஈ.கோலையைக் கொல்வதால், தெளிந்த நீரில் காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். மழை பெய்தால் நிலத்தில் கிடக்கும் சாணமும் எருவும் முதல் ஓட்டத்திலேயே அடித்து வரப்படும். ஓடையின் நீர்மட்டம் ஏறும்போது எண் உச்சம் தொட்டு, வடியும்போது இறங்கும். மூன்றாவது காரணம் ஓடையின் அடியிலேயே இருக்கிறது. வண்டலுக்குள் வெளிச்சம் புகாது, உண்ண ஊட்டம் உண்டு, அங்கே ஈ.கோலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். மாடு இறங்கினாலும், குழந்தைகள் சேற்றைக் கலக்கினாலும், நீர் வேகம் கூடினாலும் அது மேலே கிளம்பும். புதிதாக எந்த மலமும் கலக்காத நாளில்கூட இப்படிப் பெரிய எண் வரலாம். நீங்கள் அனுப்பிய மாதிரி எந்த நேரத்தில், கடைசி மழை பெய்து எத்தனை மணி நேரம் கழித்து, யார் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்ற விவரம் இல்லாவிட்டால் 1,300ஐ வைத்து மேலே செல்ல வழியில்லை.

எண்கள் இப்படித் தாவுவதால்தான் கூட்டுச் சராசரி உதவாது. எடுத்துக்காட்டாக, ஐந்து மாதிரிகளில் 40, 60, 90, 120, 3,000 என்று வந்தால் கூட்டுச் சராசரி 662. ஐந்தில் நான்கு நாள் 120ஐத் தாண்டாத ஓடைக்கு 662 என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் கண்டால் (மடக்கைகளின் சராசரி எடுத்துத் திருப்பினாலும் அதுவே) பெருக்குச் சராசரி ஏறத்தாழ 151. ஓடையின் வழக்கமான நிலைக்கு இது நெருக்கமானது. ஆனால் அந்த 3,000ஐப் பெருக்குச் சராசரிக்குள் மறைத்துவிடவும் கூடாது. அன்று குளித்த குழந்தைக்குச் சராசரி ஒரு பாதுகாப்பும் தருவதில்லை. ஆகவே, சராசரியும் உச்ச எண்ணும் இரண்டும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். பூச்சியம் வந்த மாதிரிக்கு மடக்கை இல்லை என்பதால் கண்டறியும் எல்லையையோ அதில் பாதியையோ இட்டுக் கணக்கிடுவது வழக்கம்; எதை இட்டோம் என்று எழுதி வைத்தால் போதும்.

புட்டியைத் தொடுவதற்கு முன் ஓடையின் கரையோரமாக, முடிந்த அளவு மேலே வரை, நடந்து பாருங்கள். என் கணிப்பில் கிராமப்புற ஓடை ஒன்றின் ஆய்வில் மிகுந்த பலன் தருவதும் மிகக் குறைந்த செலவுடையதும் இந்த நடைதான். மாடுகள் எந்த இடத்தில் தண்ணீருக்கு இறங்குகின்றன, கரை எங்கே மிதிபட்டுச் சரிந்திருக்கிறது, எருக்குழியிலிருந்து நீர் வழியும் தடம் எது, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளும் அவற்றின் ஊறல் குழிகளும் கரையிலிருந்து எவ்வளவு தூரம், வறண்ட நாளிலும் சொட்டும் குழாய் ஏதேனும் உண்டா, நுரையோ சாம்பல் நிறப் பாசிப் படலமோ கழிவுநீர் வாடையோ எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டு கையால் ஒரு வரைபடம் போடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்று, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நடப்பது நல்லது. பின்னால் ஏதேனும் மாற்ற வேண்டியிருந்தால் அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது.

அந்த வரைபடத்திலிருந்தே மாதிரி எடுக்கும் இடங்கள் பிறக்கும். சந்தேகிக்கும் ஒவ்வொன்றுக்கும் சற்று மேலே ஓர் இடம், நீர் நன்கு கலந்த பிறகு கீழே ஓர் இடம், கிளையோடை வந்து சேர்ந்தால் அதன் வாயில் ஓர் இடம், குழந்தைகள் குளிக்கும் இடம் கட்டாயம். நான்கைந்து இடங்கள் போதும். பத்து இடங்களில் ஒருமுறை எடுப்பதைக் காட்டிலும் நான்கு இடங்களில் பலமுறை எடுப்பது மேல். ஒரே மாதத்தில் ஐந்து முறை எடுத்தால் பெருக்குச் சராசரிக்கு ஓரளவு அடித்தளம் கிடைக்கும். அவற்றில் குறைந்தது மூன்று, தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாத காலத்திலும், இரண்டு, மழை பெய்து ஓடை ஏறும் வேளையிலும் அமையட்டும். வெள்ளம் பெருகும் நேரத்தில் கரையில் தனியாக நிற்காதீர்கள். கழியில் புட்டியைக் கட்டி எடுக்கலாம், அல்லது அந்த மாதிரியை விட்டுவிடலாம்.

எண்ணோடு நீரின் அளவையும் அளந்தால் ஆய்வின் தரம் ஒரேயடியாக உயரும். ஓடையின் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கிக் குறுக்குப் பரப்பைக் கண்டு, மிதக்கும் பொருள் ஒன்று பத்து மீட்டர் கடக்க ஆகும் நேரத்தைக் கொண்டு வேகம் கணித்து, மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைந்து ஓடுவதால் அந்த வேகத்தை 0.85 ஆல் பெருக்க வேண்டும். அகலம் 2 மீட்டர், ஆழம் 0.3 மீட்டர், பத்து மீட்டருக்கு 25 வினாடி என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 204 லிட்டர். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கிளையோடை சேருமுன் வினாடிக்கு 150 லிட்டர் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 100 ஈ.கோலை, சேர்ந்த பின் 200 லிட்டரில் 300. அதாவது மேலே வினாடிக்கு ஒன்றரை லட்சம் பாக்டீரியா, கீழே ஆறு லட்சம். இடைப்பட்ட நாலரை லட்சத்தையும் 50 லிட்டர் கிளையோடையே கொண்டுவந்திருந்தால் அதில் 900 இருந்தாக வேண்டும். அளந்தபோதும் 900க்கு அருகில் வந்தால் மூலத்தைக் கிளையோடையில் தேடலாம். 200தான் வந்தது என்றால் இரண்டு இடங்களுக்கும் நடுவே கரையிலோ அடியிலோ வேறெங்கிருந்தோ வருகிறது. செறிவை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

மாதிரி எடுப்பதில் கவனக்குறைவு புகுந்தால் அதன்பின் எந்த ஆய்வகமும் அதைச் சரிசெய்ய முடியாது. நோயணு நீக்கிய புட்டி வேண்டும். மூடியின் உட்புறத்தையோ புட்டியின் வாயையோ விரல் தொடக் கூடாது. ஓட்டத்தின் நடுப்பகுதியில், நீர் வரும் திசையை நோக்கி நின்று, கலங்கிய சேறு கீழே போகும்வரை காத்திருந்து, புட்டியைக் கவிழ்த்தவாறே 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே வாயை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி நிரப்புங்கள். ஆழம் அவ்வளவு இல்லாவிட்டால் மேற்பரப்புக்கும் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் எடுத்தால் போதும். அடியில் இடிக்கக் கூடாது. முழுக்க நிரப்பாமல், குலுக்குவதற்குச் சிறிது இடம் விடுங்கள். பல இடங்களில் எடுப்பதானால் ஓடையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் போவதே முறை. இல்லையேல் நீங்கள் கிளப்பிய வண்டல் அடுத்த புட்டிக்குள் வந்து சேரும். புட்டிகளைப் பனிக்கட்டி இட்ட பெட்டியில், உறையாமல், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்து, எட்டு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் கொடுத்த மாதிரியின் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

சோதனை முறைகளில் மூன்று பரவலானவை. முதலாவது சவ்வு வடிகட்டல்: 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் நீரை வடித்து, ஊட்டக் கூழ்மத்தின்மேல் வைத்து, 35 டிகிரியில் இரண்டு மணி நேரமும் பிறகு 44.5 டிகிரியில் 22 மணி நேரமும் வளர்த்து, ஒவ்வொரு பாக்டீரியாவிலிருந்தும் பெருகித் தோன்றும் செந்நிறக் கூட்டங்களை எண்ணுவார்கள். இரண்டாவது கோலிலெர்ட் போன்ற நொதி முறை: நீரில் பொடியைக் கரைத்துப் பல குழிகளுள்ள தட்டில் ஊற்றி 35 டிகிரியில் ஒரு நாள் வைத்தால், கோலிஃபார்ம் உள்ள குழிகள் மஞ்சளாகும், ஈ.கோலை உள்ளவை புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும்; ஒளிர்ந்த குழிகளின் எண்ணிக்கையிலிருந்து அட்டவணைப்படி எண் கிடைக்கும். 97 குழித் தட்டின் உச்ச எல்லை 2,419 என்பதால், மழை நாள் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். "2,419க்கு மேல்" என்ற முடிவால் சராசரியும் போடமுடியாது, ஒப்பிடவும் முடியாது.

மூன்றாவதான பெட்ரிஃபிலிம் போன்ற உலர் ஊட்டத் தகடுகளை வீட்டிலேயே 35 டிகிரி வெப்பம் நிலையாகக் காக்கும் சிறு இன்குபேட்டரில் 24 முதல் 48 மணி நேரம் வைத்து எண்ணலாம். தன்னார்வலர்களுக்கு இது பெரும் வரம், ஆனால் இதன் எல்லையை அறியாமல் பயன்படுத்துபவர்களே அதிகம். தகட்டில் இடுவது ஒரே மில்லிலிட்டர். ஒரு புள்ளி தோன்றினால் அது 100 மில்லிலிட்டருக்கு 100 என்று ஆகிவிடும். எதுவும் தோன்றாவிட்டால் "100க்குக் கீழே" என்று மட்டுமே சொல்லலாம். குளிக்கும் நீரின் வரம்பு 126 ஆக இருக்கும்போது, நல்ல ஓடைக்கும் வரம்பு மீறிய ஓடைக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளியில் நிற்கிறது. இரண்டு புள்ளிகளைக் கண்டு 200 என்று எழுதினால், தற்செயல் வேறுபாட்டினால் மட்டுமே உண்மையான அளவு ஏறத்தாழ 25 முதல் 700 வரை எங்கும் இருக்கலாம். ஒரே மாதிரியிலிருந்து ஐந்து தகடுகள் இட்டுக் கூட்டி எண்ணுவது இதைப் பெருமளவு சரிசெய்யும். அப்போது ஒவ்வொரு புள்ளியும் 20ஐக் குறிக்கும். மூலம் எந்தப் பக்கம் என்று தேடுவதற்குத் தகடுகள் மிகவும் ஏற்றவை. அங்கே 200க்கும் 2,000க்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். குளிக்கலாமா என்ற கேள்விக்கு ஆய்வக எண்ணையே நம்புங்கள். எண்ணி முடித்த தகடுகளில் கோடிக்கணக்கான பாக்டீரியா உயிரோடிருக்கும். கையுறை அணிந்து, வெளுப்புக் கரைசலில் ஊற வைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

நம்பகத்தைச் சோதிக்க இரண்டு எளிய பழக்கங்கள் போதும். பத்து மாதிரிக்கு ஒன்றேனும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு புட்டிகள் எடுத்து, ஆய்வகத்துக்குச் சொல்லாமல் வெவ்வேறு எண்ணிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு பயணத்திலும் நோயணு நீக்கிய நீர் நிரப்பிய புட்டி ஒன்றையும் கரையில் திறந்து மூடிச் சேர்த்து அனுப்புங்கள், அதில் ஈ.கோலை வந்தால் அன்றைய முடிவுகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை.

ஓடையின் நலம் பாக்டீரியாவோடு முடிவதில்லை, ஆயினும் மற்ற அளவுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீரின் வெப்பநிலை, கலங்கல், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் அங்கேயே அளந்துவிடலாம். கலங்கல் பாக்டீரியாவோடு சேர்ந்து ஏறினால் மழைநீரோ வண்டலோ காரணம். நீர் தெளிவாக இருந்தும் பாக்டீரியா உயர்ந்திருந்தால் கழிவுநீர்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்தில் மின்கடத்துதிறனும் அம்மோனியாவும் திடீரென ஏறினால் சந்தேகம் வலுக்கும். கரைந்த ஆக்சிஜனை வெப்பநிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும்: நிறைவுற்ற நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. பாசி மிகுந்த ஓடையில் அது விடியற்காலையில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். நண்பகலில் மட்டும் அளப்பவர் அந்தக் குறையைக் காணமாட்டார். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உரம், எரு, கழிவுநீர் மூன்றிலிருந்துமே வருவதால் அவற்றைக் கொண்டு மூலத்தைப் பிரித்தறிவது கடினம்.

கற்களைப் புரட்டிப் பார்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை ஆகிய பூச்சிகளின் இளம்புழுக்களுக்கு ஆக்சிஜன் நிறைந்த தூய நீர் வேண்டும். அவை இருந்தால் ஓடை பல மாதங்களாகவே நல்ல நிலையில் இருந்திருக்கிறது. கொசு போன்ற சிறு ஈக்களின் சிவந்த புழுக்களும் மெல்லிய செம்புழுக்களும் மட்டுமே நிறைந்திருந்தால் அங்கே கரிமக் கழிவு தொடர்ந்து சேர்கிறது. பூச்சிகள் நலமாக இருந்தும் ஈ.கோலை உயர்ந்திருப்பது கிராமப்புற ஓடைகளில் நேரக்கூடியதே. சிறிதளவு சாணம் பூச்சிகளைக் கொல்லாது, குழந்தையின் வயிற்றைக் கெடுக்கும். இரண்டு அளவுகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன.

மூலத்தைக் கண்டறிய முதலில் வறண்ட நாள் எண்களையும் மழை நாள் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழையில்லாத நாளிலும் ஓரிடத்துக்குக் கீழே எண் உயர்ந்தே இருந்து, நீர் குறையக் குறைய மேலும் ஏறினால், அங்கே ஏதோ இடைவிடாமல் கலக்கிறது: பழுதான கழிவுநீர்த் தொட்டி, மறைவான குழாய், அல்லது ஓடையிலேயே நிற்கும் மாடுகள். வறண்ட நாளில் தாழ்ந்தும் மழையில் எல்லா இடத்திலும் சீராக உயர்ந்தும் இருந்தால் அது நிலப்பரப்பிலிருந்து அடித்து வரப்படுவது. மனிதக் கழிவா என்று சோதிக்கச் செலவு குறைந்த வழியும் உண்டு. சலவைத் தூள்களில் வெண்மை கூட்டச் சேர்க்கும் ஒளிரூட்டிகள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஒளிரூட்டி கலவாத பஞ்சுத் துண்டுகளை வலைப்பையில் கட்டிச் சில நாள் ஓடையில் விட்டு, கழுவி உலர்த்தி, இருட்டில் புறஊதா விளக்கில் பார்த்தால் வீட்டுக் கழிவுநீர் கலந்த இடத்தில் வைத்த பஞ்சு நீலமாக ஒளிரும். உறுதி வேண்டுமானால் மரபணுச் சோதனை இருக்கிறது: மனிதக் குடலுக்குரிய பாக்டீராய்டிஸ் பாக்டீரியாவின் எச்எஃப்183 என்ற அடையாளத்தையும், அசைபோடும் விலங்குகளுக்குரிய அடையாளங்களையும் பி.சி.ஆர். முறையில் தனித்தனியே தேடுவார்கள். செலவு அதிகம் என்பதால் மற்ற எல்லாவற்றையும் செய்து இடத்தைக் குறுக்கிய பிறகே இதற்குப் போங்கள். மலக் கோலிஃபார்முக்கும் மல ஸ்ட்ரெப்டோகாக்கை என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள விகிதம் 4ஐத் தாண்டினால் மனிதக் கழிவு, 0.7க்குக் கீழே இருந்தால் விலங்குக் கழிவு என்ற பழைய விதியைச் சிலர் இன்றும் கூறுகிறார்கள். இரண்டு பாக்டீரியாக்களும் நீரில் வெவ்வேறு வேகத்தில் சாவதால் விகிதம் போகப் போக மாறிவிடும். அந்த விதி கைவிடப்பட்டுப் பல காலமாகிறது, அதை வைத்து யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டாம்.

மூலம் தெரிந்த பின் செய்ய வேண்டியவை பெரும்பாலும் எளியவை. மாடுகளை ஓடையிலிருந்து விலக்கி வேலியிட்டு வேறிடத்தில் தொட்டி நீர் கொடுப்பது, கரையோரம் அடர்ந்த புல்லும் புதரும் வளர விடுவது, மழைக்கு முன் எரு போடுவதைத் தவிர்ப்பது, பழுதான தொட்டியைச் செப்பனிடுவது ஆகியவற்றில் வேலிக்கே நான் முதலிடம் தருவேன், ஏனெனில் அது சாணம் நேரே நீரில் விழுவதையும் கரை மிதிபடுவதையும் ஒருசேர நிறுத்துகிறது. அதுவரையிலும் அதற்குப் பிறகும், கனமழை பெய்து நீர் தெளியும்வரை இரண்டு மூன்று நாள்கள் யாரும் குளிக்காமலிருப்பது பயன் தரும் கட்டுப்பாடு.

மாற்றம் செய்த பிறகு அதே இடங்களில், அதே முறையில், வறண்ட நாளையும் மழை நாளையும் தனித்தனியே ஒப்பிட்டு மீண்டும் அளக்க வேண்டும். வேலியிட்ட சில வாரங்களில் எண் இறங்காவிட்டால் அது வீண் என்று விட்டுவிடாதீர்கள். வண்டலில் முன்பே சேர்ந்தது கரைந்து போகப் பல மழைகள் தேவைப்படும். ஐந்து மாதிரிகளின் பெருக்குச் சராசரி பாதியாகக் குறைந்தால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஐந்து மாதிரிகளிலேயே தெளிவாகத் தெரியும். இவற்றுக்கு இடைப்பட்ட முன்னேற்றத்தை நிறுவ விரும்பினால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எல்லாப் பருவங்களையும் தொட்டு ஓராண்டுக்காவது மாதந்தோறும் மாதிரி எடுக்கத் திட்டமிடுங்கள். முன் நிலைக்கான மாதிரிகளை வேலி போடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.